முகம் திருப்புதல்

கோத்தகிரி பேருந்து நிலையச் சுவரில்
யோகமலர் வரைந்த பதினொரு பெண்களும்
நமக்கு முதுகைக் காட்டியே நின்றார்கள்.
இடுப்பில் படங்கு, நெற்றியில் கூடைக் கயிறு,
மேட்டைப் பார்த்த முகம்.
ஒருத்தியின் ரவிக்கை முதுகில்
வேறு நிறத்தில் ஒரு ஒட்டு.

கோடை விழாவுக்கு அமைச்சர் வருகிறார்.
குழு வந்து பார்த்தது.
பாவலர் கூடலரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்:
"வரவேற்கிற சுவரில் முதுகா?"

"கொழுந்து செடியில இருக்குங்க.
ரோட்டுல இல்ல."

அவ்வளவுதான் பேசினாள்.
சாயங்காலத்துக்குள் அதற்கு
எதிர்ப்பு என்று பெயர் வந்துவிட்டது.

நூலக மாடியில் மன்றம் கூடியது.
பதினெட்டுப் பேர், வர்க்கி, தேநீர்.
சிறைக்குப் போன கதையை
கூடலரசு இன்னொரு முறை சொன்னார்.
பொய்யில்லை.
காதுக்குப் பின்னால் லத்தித் தழும்பு இருக்கிறது,
தொட்டே பார்த்திருக்கிறேன்.
"இப்ப நம்ம ஆட்சி, நம்ம அமைச்சர்.
விமர்சனம் வீட்டுக்குள்ள இருக்கட்டும்."
எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

கலை நம்பிக்கை தரவேண்டும் என்றது அறிக்கை.
ஒன்பதாவது கையெழுத்து என்னுடையது.
பேனா எழுதவில்லை.
இரண்டு முறை உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து
எழுதினேன்.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெண்களைத் திருப்பும் வேலை
பெள்ளி ஆர்ட்ஸுக்கு வந்தது.
நான்தான் பெள்ளி.
சதுர அடிக்கு நாற்பது ரூபாய், சாரம் தனி.

மூன்று இரவு.
மூடுபனியில் பெயிண்ட் காயவில்லை.
பதினொரு முகத்துக்கு எங்கே போவேன்?
என் மனைவி, அவள் தங்கை,
நகைக்கடை காலண்டர்ப் பெண்,
ரேஷன் கடையில் எடை போடுகிறவள்.
ஏழுக்கு மேல் ஒரே முகத்தை
மூக்கை மாற்றி மாற்றிப் போட்டேன்.
சிரிப்பு எல்லோருக்கும் ஒரே அளவு,
அதற்கு அட்டையில் அச்சு வெட்டியிருந்தேன்.

ஒட்டுப் போட்ட ரவிக்கைக்காரியைத் திருப்பும்போது
அந்த ஒட்டு எங்கே போகும் என்று
சாரத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.
முதுகோடு போய்விட்டது.

விழா அன்று விடியற்காலை
மேட்டுப்பாளையம் முதல் பஸ் உறுமிக்கொண்டிருந்தது.
பனி விலகியது.
சாலையைக் கடந்து, தள்ளி நின்று
முதல்முறையாக முழுச்சுவரையும் பார்த்தேன்.

செடிகள் எல்லாம் பின்னால்.
பதினொரு பேரும் செடியை விட்டு
சாலையைப் பார்த்து
தோளோடு தோள் உரச நிற்கிறார்கள்.
கை சும்மா.
கூடையில் கொழுந்து போட மறந்திருக்கிறேன்.

கிலோ பதினொரு ரூபாய்க்கு விழுந்த வருடம்
இதே சாலையில்
இப்படித்தான் நின்றார்கள்.
பஸ் ஓடவில்லை இரண்டு நாள்.
அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை,
வித்தியாசம் அது ஒன்றுதான்.

வெள்ளையைக் கலக்கவா, டப்பாவை மூடவா?
மூடினேன்.

பத்தரை மணிக்கு அமைச்சர்
சுவர்முன் நின்று படமெடுத்துக்கொண்டார்,
கைகூப்பியபடி.
அவர் முதுகுக்குப் பின்னால் மறியல்.
பொன்னாடை ஒன்று மிச்சமிருந்தது,
எனக்குப் போட்டார்கள்.
"இப்பத்தான்யா சுவருக்கு உயிர் வந்தது"
என்றார் கூடலரசு. மனதாரச் சொன்னார்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.
சொன்னால் துணிச்சல் என்று ஆகிவிடும்.
நான் செய்தது பிழை.
ஒன்பதாவது கையெழுத்துக்காரன்
அதற்குமேல் உரிமை கோர முடியாது.

மூன்றாம் நாள் யோகமலர் வந்தாள்.
ஒரு கையில் முள்ளங்கிக் கட்டு.
சுவர்முன் நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள்.
இரண்டு பஸ் போய்விட்டது.
கடை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிரித்தாளா, தெரியாது.
எனக்குத் தெரிந்தது முதுகுதான்.

"அந்தப் பச்சை எந்தக் கம்பெனி, பெள்ளியண்ணா?"
திரும்பாமலே கேட்டாள்.